பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை மாற்றப் போகிறீர்களா? திருகோணமலை வீடுகளுக்குப் பைப் தெரிவு செய்ய முழுமையான வழிகாட்டி

"எந்தப் பைப் நல்லது?" என்று கேட்டுக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போனால், அன்றைக்குக் கடையில் எது அதிகம் கிடக்கிறதோ அதுதான் நல்ல பைப்பாகிவிடும். முதன்முறை வேலைக்கு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பிழை விடுகிறார்கள். வீடு முழுக்க ஒரே பைப் என்று முடிவெடுத்துவிட்டுப் பிறகு வீட்டைப் பார்க்கிறார்கள்.

ஒழுங்கு மறுபக்கம் இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு பழைய பைப், பிறகு ஒவ்வொரு வழியிலும் உள்ள அழுத்தமும் சூடும் வெயிலும். பைப்பின் பெயர் கடைசியில் வரட்டும். பல வீடுகளில் இரண்டு வகைப் பைப், சிலவற்றில் மூன்று வகை தேவைப்படும். அதில் குறை எதுவும் இல்லை.

1. வேலைக்கு ஏற்ற மாதம்

மாசி, பங்குனியில் தொடங்குங்கள். மாரி மழை ஓய்ந்திருக்கும், கிணற்றில் தண்ணீரும் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் சுவரை வெட்டினால் பூச்சு காயாது. தோண்டிய கானுக்குள் தண்ணீர் நிற்கும், கம் (பிவிசிப் பைப்பை ஒட்டும் பசை) ஒட்டும் இடம் ஈரமாகவே இருக்கும். ஆடி, ஆவணியில் கிணறு வற்றிக் கிடக்கும்போது புதிய பைப்பைக் கழுவி எடுக்கவே தண்ணீர் போதாது.

2. தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுக்கு வருவது நீர் வழங்கல் சபையின் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா, இரண்டுமா? கிணறு என்றால் அது நல்ல தண்ணீரா, சவரா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரக் கிணறுகளில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மாரியில் குடித்துப் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறு இறங்க, மோட்டர் கீழிருக்கும் உப்பையும் சேர்த்து இழுக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வீட்டில் சமைக்கிறவரிடம் கேளுங்கள், சரியான பதில் வரும். முடிந்தால் குளோரைட்டையும் (உப்பின் அளவு) கடினத்தன்மையையும் ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், குளோரைட் உள்ள தண்ணீர் ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். மலிவான பித்தளை வால்வுகளிலிருந்தும் துத்தநாகத்தை உரித்தெடுக்கும். அப்படிப்பட்ட வால்வை உடைத்துப் பார்த்தால் மஞ்சள் போய் உட்புறம் செம்பு நிறத்தில், விரலால் நெரித்தாலே உதிர்கிற மாதிரி இருக்கும். சவர்த் தண்ணீர் வீட்டில் மறுபடியும் ஜிஐ போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். எவ்வளவு தடிப்பான பைப் என்று சொன்னாலும் வேண்டாம்.

3. பழைய பைப் எது, அதில் வேறு என்ன தொங்குகிறது

வெளியில் தெரியும் இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஜிஐ. மிகப் பழைய கட்டடங்களில், காந்தம் ஒட்டாமல், மங்கிய சாம்பல் நிறத்தில், நாணயத்தால் சுரண்டினால் வெள்ளியாக மின்னுகிற மென்மையான பைப்பைக் கண்டால் அது ஈயமாக இருக்கலாம். அந்தத் துண்டைக் குடிதண்ணீர் வழியில் விட்டுவைக்கக் கூடாது.

ஜிஐ பைப்பை ஓரிடத்தில் வெட்டி உள்ளே பாருங்கள். வெளியே அரை இஞ்சிப் பைப், உள்ளே துருக்கட்டிகள் நெருங்கிப் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியிருப்பது சாதாரணம். அந்த நிலைமையில் ஒரு துண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. வேலையின்போது ஏற்படும் அதிர்வில் மற்றத் துண்டுகளின் துரு கழன்று வந்து புதிய குழாய்களை அடைத்துவிடும்.

அடுத்தது உயிர்ச் சங்கதி. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியைத் தண்ணீர் ஜிஐ பைப்பில் கட்டியிருப்பார்கள். அந்தப் பைப்பைக் கழற்றி பிளாஸ்டிக் போட்டால் எர்த் இல்லாமல் போய்விடும். வீட்டில் எல்லா லைட்டும் எரியும், ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் ஃப்ரிட்ஜில் மின்சாரம் கசியும்போதுதான் தெரியவரும். ஆகவே முதல் வெட்டு விழ முன் எலெக்ட்ரிசியனைக் கூப்பிட்டு எர்த் எங்கே போகிறது, தனி எர்த் கம்பி நிலத்தில் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் படியை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

4. வீட்டை வழிகளாகப் பிரித்து வரையுங்கள்

ஒரு கொப்பித் தாளில் கிறுக்கினாலும் போதும். ஒவ்வொரு வழிக்கும் நீளம், எத்தனை முழங்கை (வளைவு இணைப்பு), எத்தனை டீ (மும்முனை இணைப்பு), வெயில் படுகிறதா, சூடு வருகிறதா என்று எழுதுங்கள். பொதுவாக இவ்வளவும் வரும்:

கிணற்றிலிருந்து மோட்டர்.
மோட்டரிலிருந்து மேல் தாங்கி.
சபை மீற்றரிலிருந்து தாங்கி அல்லது சமையலறை.
தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் பிரதான வழி.
குளியலறை, சமையலறைக் கிளைகள்.
சுடுதண்ணீர், இருந்தால்.
தோட்டம்.

இரண்டு எச்சரிக்கை. மீற்றரும் அதற்கு முன்னுள்ள பைப்பும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையவை, அதில் கை வைக்கக் கூடாது. சபை வழியில் நேரடியாக மோட்டர் பூட்டி இழுக்கவும் கூடாது.

மற்றது, கிணற்று வழியையும் சபை வழியையும் நடுவில் ஒரு வால்வு வைத்து இணைப்பது. "பூட்டியே வைத்திருப்போம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வால்வு கசியும், அல்லது யாரோ திறப்பார்கள். சபை வழியில் அழுத்தம் விழும் நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் தெருப் பைப்புக்குள் போய், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கோப்பைக்குள் வந்துவிடும். இரண்டையும் தாங்கிக்குக் கொண்டுவருவதானால் இரண்டும் வெவ்வேறு வாய்களால், தண்ணீர் வழிந்தோடும் மட்டத்துக்கு மேலே, காற்றிடைவெளி விட்டு விழட்டும்.

5. அழுத்தத்தையும் உள் விட்டத்தையும் பாருங்கள்

பத்து மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். உங்கள் தாங்கியின் அடி குளியலறைக் குழாயிலிருந்து 4 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார்தான். பிஎன் 10 என்று அச்சடித்த பைப் 20 பாகை செல்சியஸில் 10 பார் தாங்கும். பைப் சூடேற ஏற யுபிவிசியின் (குளிர்த் தண்ணீருக்குப் போடும் கடினமான பிவிசி) தாங்குதிறன் குறையும். 35 முதல் 45 பாகைக்குள் அதன் 63 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியும் 6 பார் மிஞ்சுகிறது. ஆக, தாங்கியிலிருந்து இறங்கும் வழியில் பைப் வெடிக்குமா என்று பயப்படத் தேவையில்லை. தண்ணீர் போதியளவு வருமா என்பதுதான் கேள்வி.

விலை கூடிய பைப் வாங்கியவர்களும் ஏமாறுவது இங்கேதான். பைப்பில் அடித்திருக்கும் 20 மி.மீ., 25 மி.மீ. எல்லாம் வெளி விட்டம். 20 மி.மீ. யுபிவிசியின் உள் விட்டம் சுமார் 17 மி.மீ. அதே 20 மி.மீ. பிபிஆர் (சூடாக்கி உருக்கி இணைக்கும் பிளாஸ்டிக் பைப்), பிஎன் 20 வகை என்றால், சுவர்த் தடிப்பு 3.4 மி.மீ., உள்ளே மிஞ்சுவது 13.2 மி.மீ. மட்டும். தண்ணீர் போகும் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பழைய அரை இஞ்சி ஜிஐயைக் கழற்றிவிட்டு 20 மி.மீ. பிபிஆர் போட்ட வீட்டில் "புதுப் பைப், ஆனால் ஷவர் முந்தியதை விட மோசம்" என்று சொல்வது இதனால்தான்.

அதனால் தாங்கியிலிருந்து இறங்கும் வீட்டுக்கு:

பிரதான இறங்குவழி யுபிவிசியில் 32 மி.மீ., அதாவது ஒரு இஞ்சி. இரண்டு குளியலறையும் சமையலறையும் ஒரே வழியில் தொங்கினால் 40 மி.மீ.

ஒவ்வொரு அறைக்கும் போகும் கிளை 25 மி.மீ., முக்கால் இஞ்சி. கடைசிக் குழாய்க்கு மட்டும் 20 மி.மீ., அதுவும் ஒன்றிரண்டு மீற்றருக்குள்.

பிபிஆர் போடுவதென்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படி பெரிதாக எடுங்கள். 25 மி.மீ. பிஎன் 20 பிபிஆரின் உள் விட்டம் 16.6 மி.மீ., அதுதான் அரை இஞ்சி ஜிஐக்குச் சமன்.

பைப்பைப் பெருப்பிக்கிற செலவு, தாங்கியை உயர்த்துகிற செலவில் சிறு பகுதிதான். அழுத்தம் போதவில்லை என்று பம்ப் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

6. எந்த வழிக்கு எந்தப் பைப்

குளிர்த் தண்ணீர், சுவருக்குள்ளும் நிலத்துக்குக் கீழும்: யுபிவிசி. துருப்பிடிக்காது, சவருக்கு அசையாது, எந்தக் கடையிலும் உதிரி கிடைக்கும். பைப்பின் உடலில் எஸ்எல்எஸ் 147 (இலங்கைத் தரநிலை எண்) என்ற அச்சு இருக்க வேண்டும். கழிவுநீர்ப் பைப்பும் வயர் போடும் பைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், விலையும் குறைவு. அச்சைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வெயில் படும் வழி: யுபிவிசியின் எதிரி வெயில். கூரை மேல் ஓடும் பைப் நிறம் மங்கிப் பிறகு தட்டினாலே உடைகிற நிலைக்கு வரும். தண்ணீரைக் கொண்டு பூசும் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், அது வேண்டாம். வெள்ளைப் பூச்சால் இன்னொரு நன்மையும் உண்டு. பங்குனி வெயிலில் மதியம் குழாயைத் திறந்தால் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி வருவது கொஞ்சம் தணியும். நீண்ட வழிகளில் கருப்பு எச்டிபிஈ (வளையக்கூடிய பொலித்தீன்) பைப் இன்னும் நல்லது, அதிலுள்ள கார்பன் வெயிலைத் தாங்கும்.

தோட்டம், நீண்ட நிலத்தடி வழி: எச்டிபிஈ. சுருளாக வருவதால் இணைப்புகள் குறைவு. இணைப்பு குறைந்தால் கசிவும் குறைவு. நிலாவெளி மணலில் தோண்டுவது சுலபம், ஒன்றரை அடி ஆழம் போதும். வாகனம் ஏறும் இடத்தில் இரண்டு அடிக்குக் குறையக் கூடாது. உவர்மலைப் பக்கம் போலக் கல் நிலம் என்றால் கானின் அடியில் மூன்று இஞ்சி மணல் பரப்பிப் பைப்பை வைத்து, மேலேயும் மணல் மூடிய பிறகே கல்லும் மண்ணும் போடுங்கள். கூரான ஒரு கல் நாளாவட்டத்தில் பைப்பைத் துளைக்கும்.

சுடுதண்ணீர்: யுபிவிசி எந்தக் காரணத்துக்கும் கூடாது. 45 பாகைக்கு மேல் அது அதற்கான பைப் அல்ல. கீசருக்கு (தண்ணீர் சூடாக்கும் தாங்கி) சிபிவிசி, அதாவது சூடு தாங்கும் பிவிசி, அல்லது பிபிஆர். கீசருக்குள் போகும் குளிர் வழியிலும் கடைசி ஒரு மீற்றரைச் சுடுதண்ணீர்ப் பைப்பாகவே போடுங்கள், ஏனென்றால் சூடு பின்னோக்கியும் ஏறும். ஷவரோடு பூட்டும் உடனடி ஹீட்டர் மட்டும் என்றால் தனியாகச் சுடுதண்ணீர் வழியே தேவையில்லை. அந்த ஹீட்டர் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் உங்கள் தாங்கியிலிருந்து கிடைக்குமா என்று மட்டும் அதன் கையேட்டில் பாருங்கள். சூரிய ஹீட்டர் என்றால் தகட்டை ஒட்டிய வழி 95 பாகையையும் தாண்டலாம், அங்கே செம்பு அல்லது தயாரிப்பாளர் சொல்லும் பைப் மட்டுமே.

மோட்டர் வாய்: கிணறு வற்றி மோட்டர் வெறுமையாக ஓடினால் பம்புக்குள் மிஞ்சிய தண்ணீர் கொதிக்கும். பம்போடு பூட்டிய பிவிசி இணைப்பு இளகிக் கோணலாகி, மறுநாள் காற்றிழுக்கும். பம்பின் இரு வாயிலும் குறுகிய உலோக நிப்பிளும் (இரு முனையிலும் மரையுள்ள சிறு துண்டு) யூனியனும் (கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு) வைத்து, அதன் பிறகு பிவிசியைத் தொடங்குங்கள். மோட்டரைக் கழற்ற வரும் நாளிலும் யூனியன் இருந்தால் பைப்பை வெட்ட வேண்டியதில்லை.

செம்பு நல்ல பைப்தான், ஆனால் விலையும் திருட்டுப் பயமும் உண்டு. செம்பைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் பழைய ஜிஐத் துண்டை விட்டுவைத்தால் அந்த ஜிஐ வேகமாக அரிக்கும். புதிய வகைப் பைப் எதையாவது யாராவது சிபாரிசு செய்தால் ஒரே கேள்விதான்: உடைந்த ஒரு முழங்கையை நாளைக்கு நகரத்திலேயே வாங்கலாமா? கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

7. இணைப்புகள்: கசிவு தொடங்கும் இடம்

நீளப் பைப் கசிவது அபூர்வம். கசிவது இணைப்பில்தான், அதிலும் பிளாஸ்டிக்கும் உலோகமும் சந்திக்கும் இடத்தில்.

பிளாஸ்டிக் உள்மரைக்குள் உலோகக் குழாயை முறுக்காதீர்கள். முறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, மரையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். அதற்குள் டைல் ஒட்டி முடிந்திருக்கும். சுவருக்குள் குழாய் வரும் ஒவ்வொரு இடத்திலும் பித்தளை பதித்த முழங்கையை வாங்குங்கள். விலை வித்தியாசம் டைல் உடைக்கிற கூலிக்குக் கிட்டவும் வராது.

பிளாஸ்டிக் மரைக்கு வெள்ளை டேப் மட்டும். மரை முறுக்கும் திசையிலேயே சுற்றுங்கள், கையால் இறுக்கியபின் ரென்ச்சால் இன்னும் ஒரு சுற்று. சணலும் எண்ணெய்ப் பெயின்டும் ஜிஐ காலத்துப் பழக்கம், பிளாஸ்டிக்கை அது கெடுக்கும்.

சவர்த் தண்ணீர் வழியில் பிவிசியால் ஆன பந்து வால்வு (ball valve) வையுங்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு, தாங்கியின் கீழ் ஒன்று. ஒரு குழாய் பழுதானால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிராது.

8. ஒட்டுவதும் உருக்கிப் பூட்டுவதும்

பிவிசிக்குப் பிவிசி கம், சிபிவிசிக்கு சிபிவிசி கம். ஒன்றுக்கு மற்றதைப் பாவித்தால் சுடுதண்ணீரில் கழன்றுவிடும். பேணிக்குள் கம் ஜெலியாகிவிட்டால் எறியுங்கள், தின்னர் ஊற்றிக் கரைக்காதீர்கள்.

நேராக வெட்டி, கத்தி முனையால் உள்ளும் புறமும் விளிம்பைச் சுரண்டுங்கள். விடுபட்ட துகள் கம்மை வழித்துக்கொண்டு போய்விடும். கம் இல்லாமல் ஒருமுறை செருகிப் பாருங்கள், பாதியளவு போய் இறுக வேண்டும். பிறகு துடைத்து, இரண்டு பக்கமும் கம் பூசி, கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே அடிவரை தள்ளி, அரை நிமிடம் பிடித்திருங்கள். பிடிக்காவிட்டால் பைப் தானாகவே கொஞ்சம் வெளியே வரும். இந்த வேலையைக் காலையில் செய்யுங்கள். மதிய வெயிலில் செருக முன்பே கம் காய்ந்துவிடும்.

பிபிஆருக்கு உருக்கும் மெஷின் 260 பாகை. 20 மி.மீ. பைப்புக்கு 5 செக்கன், 25க்கு 7, 32க்கு 8. எடுத்தவுடன் நேராகத் தள்ளுங்கள், சுற்றக் கூடாது. அதிக நேரம் சூடாக்கினால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே வளையமாகத் திரண்டு வழியை அடைக்கும். வேலையாள் எண்ணாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு இணைப்பை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் நீளும், சுருங்கும். 10 மீற்றர் யுபிவிசி 30 பாகை வித்தியாசத்தில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளும், பிபிஆர் அதைப்போல் இரண்டு மடங்கு. கூரை மேல் நேர்வழியில் கிளிப்பை இறுக்கிப் பிடிக்காமல் வழுக்க விடுங்கள்.

9. பூச முன் சோதனை

கம் ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். முனைகளை அடைத்து, மிக உயரமான முனையால் காற்றை வெளியேற்றி, கைப்பம்பினால் வழமையான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். கைப்பம்ப் கிடைக்காவிட்டால் தாங்கியை நிரப்பி இரவு முழுக்க விட்டு, காலையில் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள்.

டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் சோதிக்க யாரையும் விடாதீர்கள். தண்ணீர் அழுத்தத்தில் பிவிசி உடைந்தால் நனையும், அவ்வளவுதான். காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுகள் பறக்கும், கண் போய்விடும்.

மேசன் பூச முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பைப்பை உலோகம் தேடும் கருவி காட்டாது. பின்னொரு நாள் கண்ணாடி மாட்ட ட்ரில் பிடிக்கிறவர் அந்தப் படத்தைத்தான் தேடுவார்.

10. கழுவிக் குடிக்கக் கொடுப்பது

குழாய் முனைகளில் உள்ள வலைகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் தெளியும் வரை ஓட விடுங்கள். வலையோடு விட்டால் வெட்டுத் துகள் எல்லாம் அங்கேயே தங்கும்.

பிறகு 1000 லீற்றர் தாங்கிக்கு, வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோரின் திரவம் ஒரு லீற்றர் ஊற்றுங்கள். இது லீற்றருக்கு 50 மில்லிகிராம். கீசர் பூட்டியிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து, பூட்டி, இரவு முழுக்க விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. காலையில் முழுவதையும் வெளியேற்றுங்கள், கிணற்றடிக்கோ செடிகளுக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணம் போகும்வரை புதுத் தண்ணீரால் கழுவுங்கள்.

தாங்கி மூடி இறுக்கமாக இருக்கிறதா, வழிந்தோடும் பைப்பின் வாயில் நுளம்பு புகாத வலை இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். மிஞ்சிய இணைப்புகளில் அளவுக்கு இரண்டு, ஒரு துண்டுப் பைப், வரைந்த தாள் மூன்றையும் ஒரே பையில் கட்டி மீற்றருக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். கம் பேணியை அதோடு வைக்க வேண்டாம், அடுத்த முறை தேவைப்படும்போது புதிதாக வாங்குங்கள்.